நான்கு அறை விலைக்கு ஒரு கூடல்வெளி

ஜனவரி 21, ஞாயிறு

நேற்று முழுக்க நின்றதில் முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் இவரே காபி போட்டு எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போடாத காபி. வியாதி அவருக்கு, தண்டனை எனக்கு.

திறப்பு விழா ஒருவழியாக முடிந்தது. எங்கள் நல்லமுத்து நினைவு உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நிற்கிற பள்ளி. அதற்கு மேல் படிக்க வேடசந்தூர் போகவேண்டும். பதினேழு கிலோமீட்டர், நடுவில் ஒரு பஸ் மாறவேண்டும். பையன்கள் போவார்கள். பெண்பிள்ளைகளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் அனுப்பமாட்டார்கள். பரீட்சை முடிந்த கையோடு அவர்களை வேலைக்கு ஏற்றிப்போக நூல் மில் வேன் வந்து தெருமுனையில் நிற்கும். இதை மாற்றவேண்டும், பதினொன்றும் பன்னிரண்டும் இங்கேயே வரவேண்டும் என்றுதான் சிங்கப்பூரில் இருக்கிற பழைய மாணவர்கள் பணம் திரட்டி இந்தப் புதுக் கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே திறப்பு. மேலே கண்ணாடிக் கூரை. ஒரு பக்கம் முழுக்க அகலமான படிகள், பதினெட்டு. அதில் உட்கார்ந்து படிக்கலாம், விவாதிக்கலாம், நாடகம் போடலாம், சும்மாவும் இருக்கலாம் என்று சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அபர்ணா மைக்கில் சொன்னாள். சும்மா இருக்க ஒரு கட்டடமா என்று பின்வரிசையில் ஒரு அப்பா கேட்டது என் காதில் விழுந்தது. நுழைகிற இடத்தில் கருங்கல்லில் 'கூடல்வெளி' என்று பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர் அதைத் தடவிப் பார்த்து, ஆகா, என்ன பெயர், யார் வைத்தது என்று கேட்டார். தாளாளர் வேலுமயில் என் பக்கம் திரும்புவதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது.

எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது கணக்கு வாத்தியார் சூசை மட்டும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதையாவது தொலைத்துவிட்டீர்களா சார் என்று கேட்டேன்.

"கதவத் தேடுறேன் டீச்சர்" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாக. இந்த மனிதருக்கு வாயில் சனி.

ஜனவரி 24

எட்டாம் வகுப்பு இரண்டு பிரிவையும் கூடல்வெளியில் உட்காரவைத்துப் பார்த்தோம். மேல்படிகளில் சமூக அறிவியல், கீழ்ப்படிகளில் அறிவியல். அரை மணி நேரத்தில் இரண்டு டீச்சர்களுக்கும் தொண்டை போய்விட்டது. பேசுவதெல்லாம் கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வருகிறது. கடைசியில் ஒரு பையனை எழுப்பிக் கேட்டால், அசோகர் சூரிய ஒளியில் தனக்குத் தேவையான உணவைத் தானே தயாரித்துக்கொண்டார் என்கிறான். சிரிப்பை அடக்க நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்புப் பையன்கள் கல்லைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் இளித்துக்கொண்டிருந்தார்கள். என்னடா என்றதும் ஒருவன், ஊடலுக்கு அப்புறம் வருமே டீச்சர், அந்தக் கூடலா என்றான். முளைத்து மூன்று இலை விடவில்லை. மதுரைக்கே கூடல் என்று பேர் இருக்கிறது, போய்க் கேளுடா என்று விரட்டினேன்.

சத்தத்துக்குத் திரைச்சீலை போட்டால் சரியாகிவிடும் என்று அபர்ணா போனில் சொன்னாள். போகப்போகப் பழகிவிடும்.

ஜனவரி 30

காலை வணக்கத்தில், தலைமையாசிரியை என்ற முறையில், பத்தாம் வகுப்பு முன்னால் நின்று சொன்னேன்: ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பு இங்கேயேதான், யாரும் எங்கேயும் போகவேண்டாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெண்பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பி.டி. வாத்தியார் விசில் ஊதித்தான் நிறுத்தவேண்டியதாயிற்று.

மதியம் காளீஸ்வரியின் அப்பா வந்தார். கருப்பணன் என்று பெயர், முருங்கைக்காய் மண்டியில் வண்டிக்கு ஏற்றுகிற வேலை. காளீஸ்வரிதான் இந்த வருஷம் வகுப்பில் முதல். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ரத்தம் எடுக்கிற அக்கா மாதிரி ஆகவேண்டுமாம். டாக்டர் ஆகிறேன் என்று சொல்லேன்டி என்றால், அதெல்லாம் வேண்டாம் டீச்சர், எனக்கு அந்தக் குழாயில் போட்டுக் குலுக்குகிற வேலைதான் பிடித்திருக்கிறது என்கிறாள்.

கருப்பணன் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இங்கனயே வருதுன்னா புள்ள படிக்கட்டும். வேடசந்தூருன்னா நான் அனுப்பல" என்றார்.

வருகிறது, ஜூனில் கண்டிப்பாக வருகிறது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிலிண்டர் பதிவு செய்யவேண்டும். மூன்று நாளாக மறக்கிறேன்.

பிப்ரவரி 7

வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் கூடல்வெளியில் பதினொரு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. பிள்ளைகள் அதற்கு 'அடுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுப்புக்குப் போகலாமா டீச்சர் என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 9

தரம் உயர்த்தும் விண்ணப்பத்தை நிரப்பினோம். நானும் சூசையும். அவர் கட்டம் கட்டமாகப் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். ஆறு அறை வேண்டும்: வகுப்புக்கு நான்கு, ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு. கட்டியிருப்பது இரண்டு. மிச்ச நான்கின் இடமும் பணமும்தான் கூடல்வெளி.

சூசை குரலைத் தாழ்த்தி, அந்தப் பேரை இங்கே எழுதாதீர்கள் டீச்சர், 'கூடம்' என்றோ 'தடுப்புள்ள வகுப்பறைகள்' என்றோ போடுங்கள், ஆய்வுக்கு வருவதற்குள் பிளைவுட் அடித்துவிடலாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லில் ஒன்று, காகிதத்தில் ஒன்றா? அந்தச் சொல்லில் என்ன குறை? வாய்க்குள் வைத்துப் பார்த்தால் எவ்வளவு இதமாக இருக்கிறது. 'பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் இயங்கும் கூடல்வெளி – 1' என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 16

இன்று ஆய்வு. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கல்வி அலுவலர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். மெதுவான குரல். இளநீர் கொடுத்தோம், வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் குடித்தாள். கூடல்வெளியில் நின்று மேலே பார்த்தாள், படிகளில் ஏறி இறங்கினாள், ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு டேப்பை எடுத்து இரண்டு அறைகளையும் அளந்தாள். மற்ற அறைகள் எங்கே என்று கேட்டாள்.

தாளாளர் படிக்கட்டைக் காட்டினார். நான் விளக்கினேன். வெளிநாட்டில் இப்போதெல்லாம் இப்படித்தான், சுவர் என்பது பழைய முறை, பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள். அபர்ணா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆய்வு மேசையை எந்தப் படியில் போடுவீர்கள் மேடம் என்று கேட்டாள். அமிலக் குப்பியை எந்தப் படியில் வைப்பீர்கள்? சூசை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் விண்ணப்பத்தைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள்.

"வெளின்னு நீங்களே எழுதியிருக்கீங்க மேடம். வாசல்ல கல்லுலயும் அதான் இருக்கு. வெளிய நான் எப்படி அறைன்னு எழுதுறது?"

கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். அதனால்தான் இப்படிக் குத்துகிறது. முப்பத்தொரு வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். வெளி என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

பிப்ரவரி 17

தூக்கமில்லை. இவர் டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறார். ஒலியைக் குறையுங்கள் என்று கத்திவிட்டேன், பாவம்.

யோசித்துப் பார்த்தால் எல்லாத் தப்பும் அந்த அபர்ணாவுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் வரைபடத்தில் ஆறு அறைதான் இருந்தது. வரிசையாக, நீளமாக. அவள் வந்து அதைப் பார்த்து முகம் சுளித்து, இது ஸ்கூல் மாதிரி இல்லை மேம், ரேஷன் குடோன் மாதிரி இருக்கிறது என்றாள். சுவரில்லாத இடம்தான் இப்போது எல்லாப் பெரிய பள்ளியிலும் ட்ரெண்ட் என்று மடிக்கணினியில் படம் படமாகக் காட்டினாள். பள்ளிக் கட்டடக் குழு உறுப்பினர்களுக்கு அரைகுறையாகப் புரிந்தது. சூசை எழுந்து, இந்தப் படிக்கட்டு வேண்டுமானால் நாலு அறை போகும், எந்த நாலு என்று இப்போதே சொல்லிவிடுங்கள், நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டார். கேட்டது சரியான கேள்வி. அதற்கு யாரோ ஒரு நக்கல் அடிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அபர்ணாவிடம் பேசினேன். நடுவில் சுவர் எழுப்பிவிடலாமா என்றேன். அந்தப் படிகளின் மேல் சுவரின் பாரத்தை ஏற்ற முடியாது மேம், வேண்டுமானால் படியை முழுக்க உடைத்து எடுத்துவிட்டு அடியிலிருந்து தூண் போடவேண்டும், அதற்கு இன்னொரு கட்டடமே கட்டிவிடலாம் என்றாள். அழுகிறாளோ என்று தோன்றியது. சின்னப் பெண்தானே. நானும் திட்ட வைத்திருந்ததையெல்லாம் திட்டவில்லை.

தாளாளர் சிங்கப்பூருக்குப் பேசினார். அவர்கள் கையில் இனிப் பணம் இல்லை. இருந்தாலும் கூடல்வெளியில் கை வைக்க விடமாட்டார்களாம். அங்கேதான் விழாவுக்கு வந்த சிங்கப்பூர்க்காரரின் பாட்டி பெயரைப் பொறித்திருக்கிறது.

மாவு புளித்துவிட்டது. இரவுக்கு ரவா உப்புமா.

மார்ச் 4

சூசை சொந்தமாக இரண்டு ஆளைக் கூட்டிவந்து கீழ்த்தளத்தில் பிளைவுட் தடுப்பு அடித்துப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் அடிக்க முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டாலும் இந்தப் பக்கம் கேட்கிறது. போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினோம். அன்றே பதில் வந்தது. தற்காலிகத் தடுப்புகள் ஏற்கப்படமாட்டா.

கொண்டுபோய் உங்கள் வீட்டில் கோழிக்கூண்டாவது அடித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 26

பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பம். தமிழ்த் தாள் சுலபம். காளீஸ்வரி கூடுதல் தாள் இரண்டு முறை வாங்கினாள்.

ஏப்ரல் 8

பரீட்சை முடிந்தது. கடைசி நாளில் வழக்கமாகச் செய்வதுபோலப் பிள்ளைகள் இங்க்கைத் தெளித்துக்கொண்டு ஓடவில்லை. அடுத்த வருஷமும் இங்கேதானே வரப்போகிறோம் என்று சட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்களாம். பள்ளி ஆயா வந்து சொன்னாள்.

ஏப்ரல் 19

உத்தரவு வந்துவிட்டது. 'போதிய வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் இல்லாமையால் வரும் கல்வியாண்டில் தரம் உயர்த்த இயலாது.' குறை நீக்கியபின் மறுபடி விண்ணப்பிக்கலாம். குறையை எப்படி நீக்குவது, வெடி வைத்தா?

மூன்று முறை படித்தேன். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. கோப்பில் வைத்துப் பூட்டினேன். தாளாளர், பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லவேண்டாம், ரிசல்ட் வரட்டும், வேறு வழி இருக்கிறதா என்று மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். சரி என்றேன். அவர் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மாங்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு கூடிவிட்டது.

மே 11

ரிசல்ட் வந்தது. நாற்பத்தொரு பேரில் முப்பத்தொன்பது தேர்ச்சி. காளீஸ்வரி நானூற்று அறுபத்தெட்டு. அறிவியலில் தொண்ணூற்றொன்பது. தாளாளர் லட்டு வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை.

மே 14

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

ஏதோ கட்டடக்கலைப் பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்தார்கள். கூடல்வெளிக்குத் தென்னிந்திய அளவில் ஏதோ விருதாம். கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் படிகளில் விழுகிறபோது ஒரு மாணவி தனியாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி வேண்டும் என்றார்கள். விடுமுறையில் மாணவிக்கு எங்கே போவது? பக்கத்துத் தெருதானே என்று தாளாளர் காளீஸ்வரியைக் கூப்பிட ஆளனுப்பிவிட்டார்.

சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி வந்தாள். ஆறாவது படியில் உட்காரவைத்தார்கள். கையில் என் அகராதியைக் கொடுத்தார்கள். அதுதான் கனமாக இருந்ததாம். ஒன்றரை மணி நேரம். அந்த வெயிலில் அவள் முகத்தில் வேர்வை ஓட ஓட, ஒரு பையன் வந்து பஞ்சால் ஒற்றி எடுத்தான். நிமிர்ந்து பார், குனிந்து பார், சிரிக்காதே, யோசிக்கிற மாதிரி இரு. சொன்னதையெல்லாம் செய்தாள்.

முடிந்ததும் என்னிடம் வந்து அகராதியைத் துடைத்துக் கொடுத்தாள்.

"டீச்சர், சயின்ஸ் குரூப்புக்கு என்னைக்கு பாரம் குடுப்பீங்க? அப்பா கேக்கச் சொன்னாரு."

உத்தரவு என் பின்னால் பீரோவில் இருக்கிறது. இருபத்தைந்து நாளாக இருக்கிறது. சொல்லியிருக்கலாம். போட்டோக்காரர்கள் இருக்கிறார்களே என்று பார்த்தேன். அது ஒரு சாக்கு.

"சொல்லி அனுப்புறேன்மா" என்றேன்.

அவள் சந்தோஷமாகப் போனாள். நான் மனுஷியா?

மே 20

பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. அரசாங்கம் இந்த வருஷம் அனுமதி தரவில்லை, எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம் என்று தாளாளர் பேசினார். நான் தலையை ஆட்டினேன். எல்லோரும் கூடல்வெளியின் படிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சண்டைக்கு வருவார்கள், நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அப்படியா டீச்சர், சரிங்க டீச்சர் என்று எழுந்து போனார்கள்.

கருப்பணன் மட்டும் நின்றார். கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிசாக் கட்டியும் எடம் பத்தலையா டீச்சரம்மா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சட்டம் அப்படி இருக்கிறது என்றேன். வேடசந்தூரில் சேர்த்துவிடுங்கள், நான் கடிதம் தருகிறேன், பஸ் பாஸ் இலவசம்தான் என்றேன். சாயங்காலம் பஸ் மாறுகிற இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்கவேண்டுமே, ஒயின்ஷாப் வாசலாச்சே, வயசுப்பிள்ளையை எப்படி நிறுத்துவது என்றார். விடுதி இருக்கிறது என்றேன். அவளுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், அம்மாவுக்கு ஆஸ்துமா, ராத்திரி யார் பார்ப்பார்கள் என்றார். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் அவரே எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. நீங்க என்ன டீச்சரம்மா பண்ணுவீங்க, நீங்க சொன்ன சொல்லுக்கு ஓடியாடிப் பாத்திருப்பீங்க என்றார்.

சூசை என் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறந்திருந்தால் போதும், என் மானம் போயிருக்கும். திறக்கவில்லை.

மே 21

பிப்ரவரி பதினேழாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். யாரோ நக்கல் அடித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். யாரோவாம்.

நான்தான். சூசை எழுந்து எந்த நாலு அறை என்று கேட்டபோது நான்தான் சொன்னேன்: சூசை சாருக்கு நாலு சுவருக்குள் அடைத்தால்தான் கணக்கு வரும், என் தமிழ் வெளியில் நின்றாலும் வரும் என்று. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த மனிதர் நின்றுகொண்டே இருந்தார், அப்புறம் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் இனித்தது.

பெயரும் நான் வைத்ததுதான். குழு அன்றைக்குத் திட்டத்தைத் தள்ளுபடி செய்கிற மனநிலையில்தான் இருந்தது. அபர்ணா ஆங்கிலத்தில் என்னவோ பெயர் சொன்னாள், ஒருத்தருக்கும் வாயில் நுழையவில்லை. சத்திரத்துக்கு எதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் என்று தாளாளரே கேட்டுவிட்டார். அப்போது அவள் என்னிடம் திரும்பி, மேம், நீங்கள் தமிழ் டீச்சர்தானே, அழகாக ஒரு சொல் கொடுங்களேன் என்றாள். என்னிடம் இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. வருகைப்பதிவு கேட்பார்கள், சத்துணவுக் கணக்கு கேட்பார்கள், தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள். ஒரு சொல் கேட்டது அவள் ஒருத்திதான். இரண்டு நிமிஷம் கண்ணை மூடினேன். கூடல்வெளி என்றேன். தாளாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். அடடா என்றார். கை தூக்கச் சொன்னார்கள், சூசையைத் தவிர எல்லோரும் தூக்கினோம்.

கட்டடத்தைப் பார்த்து அவர்கள் கை தூக்கவில்லை, அந்தச் சொல்லுக்குத்தான் தூக்கினார்கள். பிறகு பொறித்து முடித்த பெயர்க்கல்லைப் பார்க்க வாரம் இரண்டு முறை சும்மாவே போய் வந்தேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு திண்டுக்கல்லில் படித்தாள். கார் வைத்து அனுப்பினோம். எனக்கு எங்கே உறைக்கப்போகிறது நாலு அறையின் அருமை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடு திலகா, நீ மட்டுமா செய்தாய் என்றார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மே 27

ஞாயிறும் திங்களும் சூசை வீடு வீடாகப் போயிருக்கிறார். ஆறு பெண்களைச் சேர்த்து ஒரே ஆட்டோவில் பஸ் மாறாமல் வேடசந்தூருக்கு அனுப்ப ஏற்பாடு. ஐந்து வீடு சம்மதித்தது. நான் முழங்கால் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். கூடப் போனால் அந்த வாசல்களில் என்னைப் பார்த்து மறுபடியும் சரிங்க டீச்சர் என்பார்கள், அதைக் கேட்கப் பயம்.

கருப்பணன் வீட்டுக்குப் போனீர்களா என்று சாயங்காலம் போன் செய்து கேட்டேன். போனேன் என்றார். மில்காரர்கள் முன்னாலேயே வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். அம்மாவுக்கு மருந்து வாங்கியாகிவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் சார் என்றேன். நாளைக்கு ஆறாம் வகுப்பு அட்மிஷன் இருக்கிறது டீச்சர், சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

ஜூன் 3

எழுத்தர் விடுப்பு. மாற்றுச் சான்றிதழ்களை நானே கணினியில் ஏற்றி அச்செடுத்தேன். பதினோரு பேர் வாங்கிப் போனார்கள். சூசை சேர்த்துவிட்ட ஐந்து பெண்களும் அவர் ஏற்பாடு செய்த ஆட்டோவிலேயே வந்து வாங்கிப் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் காளீஸ்வரி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். சீருடை இல்லை, சுடிதார். ஒரு வளர்ந்த பெண்ணைப் பார்க்கிற மாதிரி இருந்தது. உட்காரும்மா என்றேன், நின்றாள். விருதுக்கு எடுத்த போட்டோ வந்துவிட்டதா டீச்சர் என்று கேட்டாள். வந்திருக்கிறது. மேசை மேல்தான் பத்திரிகை கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். தன்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இவ்வளவு கறுப்பா டீச்சர் என்றாள். வெயிலில் எடுத்ததும்மா என்றேன். எதை எதையோ பேசினோம். நான் மன்னிப்புக் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் போய் அழுதால் அவள்தானே என்னைத் தேற்றவேண்டியிருக்கும், அதையும் அவள் தலையில் கட்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

சான்றிதழை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். பிறந்த தேதி, தந்தை பெயர், மச்சம். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. பத்தாவது முடித்துப் போகிற எல்லோருக்கும் அதில் 'மேற்படிப்புக்காக' என்று போட்டுவிடுவோம். யாரையும் கேட்பதில்லை. கை தானாக அடிக்கும்.

"டீச்சர், மேற்படிப்புன்னு இருந்தா மில்லுல சேத்துக்க மாட்டாங்களாம். வேன்காரண்ணன் பாத்து வாங்கியாரச் சொன்னாரு. கொஞ்சம் மாத்திக் குடுக்கிறீங்களா?"

வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கணினியில் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை. அவள்தான், பெற்றோர் விருப்பம்னு போடுங்க டீச்சர், மத்த ஸ்கூல் பிள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டிருக்காம் என்று சொல்லிக்கொடுத்தாள். போட்டேன். அச்செடுத்தேன். கையெழுத்து, முத்திரை.

வாங்கிப் படித்துப் பார்த்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

"தேங்க்ஸ் டீச்சர்" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.